வெர்னா வீட்டில் பார்த்த முழங்கால்

எங்கள் ஊர் ஹார்லோ கிரீக்கின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியில் பாதிப் பேர் வெளியூர்ப் பையன்கள். செப்டம்பரில் ஒரு பையும் இரண்டு மட்டையுமாக வந்து இறங்குவார்கள். ஊரில் யாராவது ஒரு வீட்டார் ஆட்டக்காலம் முடியும்வரை சாப்பாடும் படுக்கையும் கொடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அப்படி வருஷா வருஷம் பையன்களை ஏற்றுக்கொண்டவர் என் அடுத்த வீட்டு வெர்னா ஸ்வார்ட்ஸ்.

அவரைத் தங்கமானவர் என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பிடிவாதக்காரர், முட்டைக்கோஸ் சுருளில் உப்பே போடமாட்டார். ஆனால் அவர் வீட்டுக்கு ஒரு விதி இருந்தது: பனிக்காலணியோடு ஆட்டத்தையும் வாசலில் கழற்றிவிட வேண்டும். வெற்றியோ தோல்வியோ, மேசைக்கு வரக்கூடாது.

அந்த வருஷம் கோல்கீப்பர் ஐசக்கும் முன்வரிசை ஆட்டக்காரன் டாரனும் அவர் வீட்டு நிலவறையில் தங்கினார்கள். நவம்பரில் ஐசக்கின் வலது முழங்கால் பிசகியது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் ஆடவிடாமல் உட்காரவைத்துவிடுவார். மார்ச் சாம்பியன்ஷிப்புக்குக் கல்லூரிகளிலிருந்து ஆள் தேடி வருவார்கள். அவர்கள் கண்ணில் படாவிட்டால் ஐசக்குக்கு அப்பாவின் பன்றிப் பண்ணைதான். அதனால் வெர்னாவையும் சேர்த்து மூவரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலமானால் உறைந்த பட்டாணிப் பையை வெர்னா எடுத்து வருவார். டாரன் அதை ஐசக்கின் முழங்காலில் அழுத்திப் பிடித்தபடி கிண்டலடிப்பான்.

"இந்தப் பட்டாணிய மட்டும் சூப்புல போட்டுடாதீங்கம்மா. கால் நாத்தம் தாங்காது."

"உன் காலுறையவிடப் பரவால்ல, போடா."

ஜனவரியில் பயிற்சியாளர் ஒரு தடுப்பாட்டக்காரனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு டாரனைப் பக்கத்து ஊர் ட்ரெந்தம் அணிக்குக் கொடுத்துவிட்டார். அவனிடம் யாரும் கேட்கவில்லை. சமையலறையில் நின்று அழுதவன் வீட்டுச் சாவியை நீட்டினான். வெர்னா வாங்கவில்லை.

"அணி வேற, வீடு வேறடா. எந்தச் சட்டைய மாட்டுனாலும் இது உன் வீடு. இந்தப் பக்கம் ஆட வந்தா, முடிஞ்சதும் வந்து சாப்பிட்டுட்டுப் போ."

அன்று அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அணியையும் வீட்டையும் பிரித்துவிடலாம். ஒரே உடம்புதான் இரண்டிலும் நடமாடுகிறது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

மார்ச்சில் இறுதி ஆட்டம் எங்கள் அரங்கில், எங்களுக்கும் ட்ரெந்தமுக்கும். முதல் கோல் விழுந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலப்பக்கம் தாழ்வாக அடிப்பதுபோலப் பாவனை காட்டினான் ட்ரெந்தம் ஆட்டக்காரன் ஒருவன். ஐசக் வலது முழங்காலில் இறங்கினான். அவன் எழுவதற்குள் ரப்பர் வட்டு தோளுக்கு மேலே போய்விட்டது. இரண்டாவது கோலை வேறொருவன் அப்படியே அடித்தான். மூன்றாவதும் அதே.

"கொட்டகைக் கதவச் சாத்துடா, குளிர் உள்ள வருது!" என்று கோலைத் திறந்துபோட்ட ஐசக்கைப் பார்த்து எங்கள் ஆட்களே கத்தினார்கள். சிரிப்பு.

வெர்னா சிரிக்கவில்லை. எதிரணி பெஞ்சைப் பார்த்தார். டாரன் தலை குனிந்து, இறுகியிருந்த காலணிக் கயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளர் ஐசக்கை வெளியே அழைத்துக்கொண்டார். கல்லூரி ஆட்கள் காபி வாங்கப் போனார்கள்.

ஆட்டம் முடிந்து டாரன் வந்தான். சாவி போட்டுத் திறந்து, காலணியைக் கழற்றி, மேசையில் உட்கார்ந்தான். பிறகு நடந்ததை வெர்னாவே என்னிடம் சொன்னார்.

"நீதானே சொன்ன?"

"எங்க கோச் கேட்டாரும்மா. நான் என்ன பண்றது? என்னைய வித்ததும் உங்க ஊர் கோச்தானே? அணி வேற, வீடு வேறன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அந்த முழங்கால நீ எங்கடா பார்த்த? அணியிலயா?"

வெர்னா அவன் தட்டில் முட்டைக்கோஸ் சுருள்களை வைத்தார்.

"வந்து சாப்பிடுன்னு சொன்னவ நான். சாப்பிடு. போறப்ப சாவிய வெச்சிட்டுப் போ."

ஒன்றைத் தின்றான். சாவி தட்டின் பக்கத்தில் கிடந்தது.

பட்டாணிப் பையோடு வெர்னா கீழே இறங்கினார். ஐசக் இருட்டில் படுத்திருந்தான்.

"மேல யாரு, அவனா?"

"ஆமா."

"சாப்பாடு போட்டீங்களா?"

"போட்டேன்."

ஐசக் கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டான். தானே முழங்காலில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.