படத்தின் ஓரத்தில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள்

சித்திரை பிறந்த பிறகும் எங்கள் வீட்டு வாசலில் பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடக்கும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தப் பனிக்கு அருகிலேயே கதிரையைப் போட்டு, அரைக் காற்சட்டையோடு கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். மொன்றியலில் இந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வந்த புதிதில் மனுசருக்கு மூளை பிசகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இப்போது அவர் எனக்குப் புதினமில்லை. புதினம் என் வீட்டுக்குள்தான். அதே கிழமையில் என் கணவர் வெயில் தொப்பியையும் கமராவையும் பையில் அடுக்குவார். அரிசோனாப் பாலைவனத்துக்குப் போகிறாராம். நடக்க. பூப் படம் எடுக்க. ஐந்து வருடமாக, வசந்தத்தில் ஒரு கிழமை, ஏழு நாளும் தனியாக.

போன வருடம் கோயிலில் சாந்தி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா.

"என்ன, உங்கட மனுசன் இந்த முறையும் வெளிக்கிட்டிட்டாரோ?"

"ஓம் அக்கா."

"தனியவோ?" அந்தச் சொல்லை அவ கொஞ்சம் இழுத்தா.

"ஓம்."

"பூப் பாக்கிறதெண்டால் மெட்ரோவில போய் இஞ்ச கண்ணாடிக்கூடத் தோட்டத்திலயே பாக்கலாமே. அதுக்கு ஒரு பிளேனோ?" என்று சிரித்துவிட்டுப் பிரசாத வரிசைக்குப் போய்விட்டா. நான் கையில் சந்தனத்தோடு நின்றேன்.

திரும்பி வந்ததும் இவர் படங்களைக் கணினியில் காட்டுவார். "வடிவாயிருக்கு" என்பேன். மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கி, ஓரங்களைப் பார்ப்பேன். நிழல் ஏதும் விழுந்திருக்கிறதா, கால் தடம் ஒன்றா இரண்டா என்று.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது, கணவன் ஸ்பொன்சர் செய்து வந்த பெண்களுக்குச் சொல்லாமலே விளங்கும். எங்களுக்குத் திருச்சியில் கலியாணம். கனடா விசா நேர்முகத்தில் அதிகாரி எங்கள் அல்பத்தை விரித்து வைத்து, மணமக்களைப் பார்க்காமல் ஓரங்களைப் பார்த்தார். ஒரு படத்தில் என் தோளில் ஒரு கை. "இது யாருடைய கை?" பயத்தில் "கணவருடைய கை" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கையில் வளையல் இருந்தது. மச்சாளின் கை. எங்கள் கலியாணம் உண்மையானது என்று அவர்கள் ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து யார் படம் காட்டினாலும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும்.

அந்தக் கண்தான் போன வருடப் படத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தது. இவர் ஒரு பூவின் முன்னால் குனிந்திருக்கிறார், முதுகு தெரிகிறது. அப்படியென்றால் படத்தை எடுத்தது யார்? பக்கத்துக் கல்லில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு? கேட்க வாய் வரவில்லை. ஊராரோடு மட்டுமல்ல, கட்டின மனுசனோடும் எனக்குக் கூச்சம்தான். ஒரு வருடம் அதை வயிற்றுக்குள் வைத்திருந்தேன். இந்த வசந்தத்தில் அவர் பையை எடுத்ததும், "நானும் வாறன்" என்றேன்.

"வெயில். நடையும் கனக்க. உமக்குச் சரிவராது."

"வாறன்."

சரி என்றார். இரண்டாம் தரம் மறுக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அரிசோனாவில் காலை வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கினோம். ஆளுயரக் கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. எதிரே ஊன்றுதடியோடு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி இவரைப் பார்த்து "ஹாய்" என்றாள். முகத்தை மனதில் குறித்துக்கொண்டேன். அவள் எனக்கும் "ஹாய்" சொன்னாள். பின்னால் வந்தவர்களும் எல்லோருக்கும் சொன்னார்கள். பாதை தொடங்கிய இடத்திலேயே இவர் என் பையில் இரண்டு போத்தல் வைத்து, தன் பையிலும் இரண்டு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்டு போக, ஒண்டு வர. முதலாவது முடிஞ்சால் அந்த இடத்திலயே திரும்பிப்போடவேணும். தண்ணி இல்லாமல் இஞ்ச விளையாட ஏலாது."

என் காது சுட்டது. கொஞ்ச நேரத்தில் கமராவை முக்காலியில் பூட்டி, எதையோ அமத்திவிட்டு, ஓடிப்போய் ஒரு பூவருகில் குந்தினார். கமரா தானாகச் சொடுக்கியது.

"அப்ப அந்தப் படத்தை எடுத்தது இதுவோ?" வாய் தவறி வந்துவிட்டது.

"எந்தப் படம்?"

சொன்னேன். போத்தலையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நான் பயப்படவில்லை. சிரித்துவிட்டு, பிறகு ஒருநாளும் பழையபடி என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

"இவ்வளவு நாளும் நீர் போத்தலையோ பார்த்தனீர்?" என்றார். பிறகு லென்ஸைத் துடைத்தபடியே, "படம் அனுப்பச் சொன்னது நீர்தானே. மறந்திட்டீரோ?"

மறந்துதான் போயிருந்தேன். கலியாணப் பேச்சு முடிந்த காலம், கனடாவுக்குப் போகுமுன் இவர் சவுதியில் லொறி ஓட்டினார். மழை பெய்து மணலெல்லாம் ஊதாப் பூவாய்க் கிடக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. "பாலைவனத்தில பூவோ? ஆள் உண்மையா சவுதியிலதான் நிக்கிறாரோ?" என்று என் அண்ணை சிரித்தார். எனக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணை சிரிக்கிறார், அப்படியென்றால் படம் ஒன்று அனுப்புங்கோ என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பூ இல்லை.

"அப்ப என்னட்டைக் கமரா இல்லை. இப்ப இருக்கு. ஐஞ்சு வருசமாக் கொண்டுவந்து காட்டுறன். நீர் பூவைப் பாக்கேல்லை."

"அப்ப என்னை ஏன் ஒருக்காலும் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டால், உம்மட அண்ணை மாதிரிச் சிரிப்பீர் எண்டு நினைச்சன்."

அந்த நிமிடமே முழுவதும் நம்பிவிட்டேன் என்று எழுதினால் பொய். இவ்வளவு நல்ல பொய் சொல்ல இவருக்கு வராது என்பதுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. "சரி, காட்டுங்கோ" என்றேன். அந்தப் பூவைக் குனிந்து பார்க்க முடியாது, படுக்க வேண்டும். நகத்தளவுதான். சுடிதாரோடு மணலில் குப்புறப் படுத்தேன். ஐந்து இதழ், தண்டில் வெள்ளை மயிர், உள்ளே ஒரு எறும்பு.

"மேம், ஆர் யூ ஓகே?" வயதான தம்பதி ஓடி வந்தார்கள். வெயிலில் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து, அந்த மனுசி போத்தலைத் திறந்துகொண்டு நின்றா. ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மொன்றியலில் இத்தனை வருடமாக, பொன்ஜூர் என்ற வணக்கத்துக்கு மேல் பிரெஞ்சில் யாரும் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொண்டு ஆங்கிலத்துக்குத் தாவுகிறவள் நான். அங்கே, பிரெஞ்சில் கேட்பார் யாருமில்லாத இடத்தில், "சா வா, மெர்சி, ஸே லா ஃப்ளர்" என்று, சுகம்தான், நன்றி, பூதான் என்கிற மாதிரி, தங்குதடையில்லாமல் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஃபிரெஞ்ச்," என்று மனுசி கணவரிடம் மெதுவாகச் சொன்னா. மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

மொன்றியலில் என்னை யாரும் பிரெஞ்சுக்காரி என்று சொன்னதில்லை. இனிமேல் சொல்லப்போவதுமில்லை. அதை மறுக்காமலே கிடந்தேன். முழங்கைக்குக் கீழே மணல் சுட்டது, மூக்குக்கு முன்னால் பூ காற்றுக்கு ஆடியது, எனக்குப் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டு, "அசையாதேயும்" என்று சொல்லி இவர் கமராவைச் சரிசெய்தார்.