பின்சுவரில் மாட்டிய பெட்டிகள்

வெயில் ஏறினால் தெருவே முகம் சுளிக்கும். என் அக்காவின் கணவர் மட்டும் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும். எனக்கு இதுதான் மழைக்காலம்" என்பார். அவர் ஏசி பழுது பார்ப்பவர். தெருவில் அவருக்கு ஏசிக்காரர் என்றே பெயர். எனக்கு மாமா.

படிப்பைப் பாதியில் விட்டபின் நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைகளுக்குத் தலையணை உறை தைக்கிறேன். எனக்குப் பேச்சு அதிகம் வராது. அதனால் மற்றவர்கள் பேசுவது நிறையக் காதில் விழும். மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி விழுந்ததுதான்.

தொடக்கத்தில் அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அந்த நாளில் ஏசி என்பது பெரிய ஓட்டலிலும் டாக்டர் அறையிலும் இருக்கும் பொருள். மற்றவர்களுக்கு மின்விசிறியும் திறந்த ஜன்னலும் போதுமானதாக இருந்தன. பிறகு கோடை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் முன்னால் வந்து, கொஞ்சம் பின்னால் போகத் தொடங்கியது. படுக்கையறைக்கு ஒன்று வாங்கினார்கள், கூடத்துக்கு ஒன்று வாங்கினார்கள். "நேத்து ஒரு வீட்டுல நாய்க்குத் தனியா ஒண்ணு மாட்டிட்டு வந்தேன். என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட அதுக்குச் சோம்பேறித்தனம்" என்று மாமா சொல்ல, சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் புரையேறியது.

அவருக்கு அம்மா, அப்பா எல்லாமே அவருடைய அண்ணன்தான். நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். ரொட்டி ஆலையில் இரவு வேலை, அடுப்படியில் நிற்பவர். மாவு பிசைந்து தம்பியைத் தொழில் படிக்க வைத்தார். தம்பிக்கு முதல் ஸ்பேனர் செட் வாங்கித் தந்ததும் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ராத்திரி முழுக்க வீட்டுல இல்லாத ஆளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்பார். விடிந்ததும் மாவு வாசனையோடு வருவார். கையில் எனக்கும் அக்காவுக்கும் சூடான பன் இருக்கும். குளித்துவிட்டு எங்கள் வீட்டின் பின்னறையில் மாலைவரை தூங்குவார். அந்த நேரத்தில் நாங்கள் பாத்திரத்தைக்கூட மெதுவாகத்தான் வைப்போம்.

மாமா கழற்றி வரும் பழைய ஏசிப் பெட்டிகளை மொட்டைமாடியில் வைத்துப் பிரிப்பார். பிரிப்பதற்கு முன் குழாயின் முனையைத் திறந்துவிடுவார். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். வெள்ளையாக ஏதோ ஒரு கணம் சீறும், பிறகு ஒன்றும் இருக்காது. அந்த வாயுவை வேறு உருளையில் பிடித்து வைக்கக் கருவி உண்டாம். அவரிடமும் ஒன்று இருந்தது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் பரணில். அதற்கு நேரம் பிடிக்கும். சீசனில் நேரம் எங்கே இருக்கிறது? கீழே என் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே அந்தப் 'புஸ்ஸ்' கேட்டால், மாமா வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

ஒருமுறை ஏசி கம்பெனிக்காரர்கள் மெக்கானிக்குகளை எல்லாம் கூப்பிட்டு வகுப்பு எடுத்தார்கள். அன்று மாலை பெரிய மாமா வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா அந்தக் கதையை எடுத்தார்.

"அண்ணே, நான் ஒரு கிலோ கேஸைக் காத்துல விட்டா, ரெண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விட்ட மாதிரியாம்."

"அப்படிப் பார்த்தா, இதுவரைக்கும் நீ விட்டதுக்கு உன்னை உள்ள தூக்கிப் போடணும்டா."

"நான் ஒருத்தனா விடறேன்? லாரி ஓடுது, விமானம் பறக்குது. கரியை எரிச்சுத்தானே பாதிக் கரண்ட்டு வருது. உன் ரொட்டி அடுப்பு எரியலையா?"

"என் அடுப்புல ரொட்டியாவது வருது. உன் புஸ்ஸுல என்னடா வருது?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, "அது மேல போய் என்னதாங்க பண்ணும்?" என்று கேட்டாள்.

"கம்பளி போத்தின மாதிரி பூமியச் சுத்தி நிக்குமாம். வெயில் உள்ள வரும், சூடு வெளிய போகாது. சூடு கூடினா இன்னும் நாலு பேர் ஏசி வாங்குவாங்க. அதுக்கு இன்னும் கரி எரியும். அப்படியே சுத்திச் சுத்தி வருதாம்."

"நல்ல தொழில்தான் படிக்க வெச்சேன் உன்னை" என்று சொல்லிவிட்டுப் பெரிய மாமா கைகழுவ எழுந்தார். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் மாடியில் வழக்கம்போல் 'புஸ்ஸ்' கேட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புதிய கட்டடம் எழும்பியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். அந்தக் கட்டடத்துக்கு ஓர் அலுவலகம் வந்தது. ஒரு பெரிய கூடத்தில் காதில் ஃபோனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் பேசுகிறவர்கள். ஏசி வேலை முழுவதும் மாமாவுக்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் அவருக்கு வந்ததில்லை. கட்டடத்தின் முகப்பு அழகு கெடக் கூடாது, சூட்டை வெளியே தள்ளும் அவுட்டோர் பெட்டிகளை எல்லாம் பின்சுவரில் மாட்டிவிடுங்கள் என்று மேலாளர் சொன்னார். பின்சுவர் என்றால் அந்தச் சந்துதான்.

"அங்க மாட்டினா நம்ம பின்னறை ஜன்னலைப் பார்த்துத்தானே ஊதும்?" என்று அக்கா கேட்டாள்.

"பெட்டிக்கு முன்னாடி எவ்வளவு இடம் விடணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. டேப் வெச்சு அளந்துட்டேன், தாராளமா இருக்கு. மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னது பொய்யில்லை. பெட்டி மூச்சுவிட எவ்வளவு இடம் வேண்டும் என்றுதான் அவருடைய தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. சுவர் நிறையப் பெட்டிகள் வரிசையாக ஏறின. எல்லாவற்றின் முகமும் எங்கள் பக்கம்.

முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் வருடக் கோடை வேறு மாதிரி வந்தது. குழாயைத் திறந்தால் கொதிநீர். தெருமுனை மரம் பிஞ்சோடு இலையைக் கொட்டியது. காக்கைகள் வாயைப் பிளந்தபடி கம்பியில் உட்கார்ந்திருந்தன. பொழுது சாய்ந்தாலும் சூடு இறங்கவில்லை. விடியற்காலையில் சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரர் உடம்பு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்று சொல்லி வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அந்த வருடம் வாயை மூடிக்கொண்டார்.

பெரிய மாமாவால் தூங்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் பெட்டிகளின் அனல், மூடினால் புழுக்கம். நனைத்த போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு அதற்குக் கீழே படுப்பார். அது அப்பளம்போல் காய்ந்துவிடும்.

"என்ன பெரிய மாமா, தூங்கலையா?" என்று அக்கா கேட்டால், "ராத்திரி ரொட்டி வேகுது, பகல்ல நான் வேகறேன். ரெண்டு பக்கமும் பதமாச் சிவந்ததும் எடுத்துடு" என்பார்.

முன்னறையில் வந்து படுங்கள் என்றோம். "பொண்ணு வேலை செய்யற இடத்துல நான் காலை நீட்டிக்கிட்டுக் கிடந்தா நல்லாவா இருக்கு?" என்று மறுத்துவிட்டார். மாமா அவர் அறையிலேயே ஓர் ஏசி மாட்டுவதாகச் சொன்னார்.

"அதோட அவுட்டோரை எங்கடா மாட்டுவே?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். "சந்துலதான்."

"கீழ் வீட்டு ஜன்னலும் அங்கதான் இருக்கு. அங்க கைக்குழந்தை இருக்கு. எனக்குக் குளிரணும்னு அதுமேல ஊதுவியா?"

மாமா ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு, "சீசன் முடியட்டும்ணே. அந்தப் பெட்டி எல்லாத்தையும் அவங்க மொட்டைமாடிக்குத் தூக்கிடறேன். இப்ப நடுவுல கழட்டினா அந்த ஆபீஸ்ல வெந்து போயிடுவாங்க" என்றார்.

"சரி, மெதுவாப் பண்ணு. நான் எங்க போகப் போறேன்?"

பெரிய மாமாவின் கண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பன் கொண்டுவர மறந்தார். ஒருநாள் அடுப்புத் தட்டில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். இது நல்லதுக்கில்லை என்று அக்கா புலம்பினாள். மாமா அதைக் கேட்க வீட்டில் இல்லை. அவர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிர் தேவைப்பட்டது.

ஒருநாள் பகலில் மின்சாரம் போய்விட்டது. ஊர் முழுக்க ஏசி ஓடியதில் எங்கோ ஏதோ எரிந்துவிட்டது என்றார்கள். எங்கள் மின்விசிறி நின்றது. பின்னால் அலுவலகத்தின் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. பெட்டிகள் ஊதிக்கொண்டே இருந்தன. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். பின்னறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. உள்ளே இருந்தது பெரிய மாமா ஒருவர்தான்.

கதவைத் தள்ளினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வியர்வையில் நனைந்திருக்கும் சட்டை உலர்ந்து கிடந்தது. முகம் சிவந்திருந்தது.

"தட்டைத் திருப்பு, கருகுது. வாசனை வருதே, தெரியலையா?" என்றார்.

"பெரிய மாமா, நான்தான்."

"மூடியைத் திற. எல்லாம் கருகுது."

அவர் கையைத் தொட்டேன். அடுப்பிலிருந்து எடுத்தது போல் இருந்தது. வாளியில் இருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து, "அதை நிறுத்துங்க! கொஞ்சம் நிறுத்துங்க!" என்று கத்தினேன். எதிர்ப்பக்கம் மூடிய கண்ணாடி. அதற்குப் பின்னால் யாரோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஃபோனில் பேசுவது தெரிந்தது. அவருக்குக் கேட்கவில்லை. கீழ் வீட்டு அம்மாவுக்குத்தான் கேட்டது. அவர்தான் ஆட்டோவைப் பிடித்து வந்தார்.

மருத்துவமனை வராந்தாவில் தரையிலும் ஆட்களைப் படுக்க வைத்திருந்தார்கள். பலர் தலைக்குக் கீழே நான் தைத்த உறைகள் இருந்தன. "இந்த வாரம் வந்ததெல்லாம் இதே வெயில் கேஸ்தான்மா" என்று நர்ஸ் சொன்னார். மாமா வேலைச் சட்டையோடு ஓடி வந்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொழுது சாயும்போது பெரிய மாமா போய்விட்டார்.

அடக்கம் முடிந்தது. மாமாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அவர் பின்னறையில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறைகூட வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அலுவலக மேலாளர் கூப்பிட்டார். மாமா ஃபோனை என் மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். கம்ப்ரசர் சத்தத்திலேயே வாழ்ந்தவர், காது கொஞ்சம் மந்தம்.

"என்னங்க, கூலிங்கே பத்தலை. கொஞ்சம் கேஸ் ஏத்திடுங்க."

"கேஸ் குறையலை சார். சந்துல காத்து இல்லை. பெட்டி விட்ட சூட்டையே பெட்டி திரும்ப இழுக்குது. எல்லாத்தையும் மாடிக்கு ஏத்தணும்."

"அங்க மாட்டினதே நீங்கதானே?"

"ஆமா சார். நான்தான் மாட்டினேன்."

"யாராவது புகார் பண்ணாங்களா? அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

மாமா மேசையில் கிடந்த ஒரு நூல் துணுக்கை எடுத்து விரலில் சுற்றினார். "இப்ப யாரும் இல்லை சார்" என்றார்.

அலுவலகத்துக்கு விடுமுறை வந்த அன்று மாமா ஏணியோடு சந்தில் இறங்கினார். பரணில் கிடந்த கருவியை அட்டை பிரித்து எடுத்துக்கொண்டார். நான் பின்னறையில் பெரிய மாமாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியைக் கழற்றும்போதும் அந்தப் 'புஸ்ஸ்' வரும் என்று காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. கருவி மெதுவாகத் தடதடத்தது. அது நிற்கும்வரை அவர் ஏணியின் நடுப்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தாள்.

"மாடிக்கு ஏத்தினா அந்தச் சூடு அப்புறம் எங்கங்க போகும்?"

"மேல."

"மேலன்னா?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மாலையில் பின்சுவரில் ஆணி அடித்த துளைகள் மட்டும் இருந்தன. ஜன்னலைத் திறந்து வைத்தோம். வந்த காற்று குளிர்ந்த காற்று இல்லை. ஆனாலும் காற்று. கொடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த போர்வை அசைந்தது.

மாமா வாயு பிடித்த உருளையை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "தூக்கிப் பாரு" என்றார் என்னிடம்.

ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையையும் கொடுத்துத் தரையிலிருந்து கொஞ்சம் எடுத்தேன்.

"வெறும் காத்துன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு அதை என் கையிலிருந்து வாங்கி, மெதுவாகக் கீழே வைத்தார். பெரிய மாமா தூங்கும் அந்த அறையில் எதையும் அப்படித்தான் வைத்துப் பழக்கம்.