சனிக்கிழமைகளில் நான் யாழினி

ஒரு பெண்பிள்ளையின் இடத்தை நான் திருடினேன்.

நாற்பத்து மூன்று வயதில்... பதினாறு வயது மாணவியாக நடித்து... எட்டுச் சனிக்கிழமைகள்! அதைவிட வெட்கக்கேடான ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு வாரங்களைப்போல் நான் என் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் உங்களையும் ஏமாற்றியவள் ஆவேன்.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கே பல இடங்களில் சிரிப்பு வரும்.

பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பத்தொன்பது வருடங்களாக ஒரே மேசை, ஒரே பூதக்கண்ணாடி விளக்கு. பச்சைப் பலகைகள் வரிசையாக வரும். அவற்றில் அரிசிமணி அளவில், வரிவரியாக நிறம் பூசிய சின்னச் சின்ன உருப்படிகள் இருக்கும். ஏதாவது கோணலாக இருந்தாலோ, காணாமல் போயிருந்தாலோ அந்தப் பலகையை எடுத்து ஒதுக்க வேண்டும். அதற்கு ரெசிஸ்டர் என்று பெயர், அது தெரியும். அது எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது? தெரியாது. யாரும் சொன்னதில்லை... நானும் கேட்டதில்லை!

யாழினி என் ஒரே மகள். அப்போது பள்ளியில் நான்காம் படிவம். இளம் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் சேர்ந்து, நான்காம் படிவ மாணவர்களுக்காக இணையத்தில் ஒரு பொறியியல் தொழில்நுட்ப வகுப்பு தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது. முப்பது பேருக்கு மட்டுமே இடம். பயிற்சிக்கான பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். நான் யாழினியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பெயரைப் பதிந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை காலையில் அவளை உலுக்கி எழுப்பினேன்.

"ம்மா, ஒங்கள யாரு பேரு குடுக்கச் சொன்னா? நான் ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம்லா! சனிக்கிழமையாச்சும் தூங்க விடுங்க."

"பெட்டியெல்லாம் வந்துருச்சுடி... அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப நீங்களே போய் உக்காருங்க!" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம்தான் என்று நினைத்தேன். வருகைப் பதிவு போட்டுவிட்டு வெளியேறிவிடலாம் என்று நினைத்தேன். கேமராவை அணைத்துவைத்தேன். திரையில் 'யாழினி' என்ற பெயர் மட்டும் தெரிந்தது. தினேஷ் சார் என்றொரு இளைஞர்தான் ஆசிரியர். என் அக்கா மகன் வயதுதான் இருக்கும். அவர் ஒரு ரெசிஸ்டரைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது என்ன செய்யுது தெரியுமா? கரண்ட்ட கொஞ்சம் அடக்கி வைக்குது. இது இல்லன்னா அந்தப் பக்கம் இருக்கிற சின்ன விளக்கு கருகிப் போயிடும்" என்றார்.

அவ்வளவுதான்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பத்தொன்பது வருடம் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேனே, நீ இதைத்தானா செய்துகொண்டிருந்தாய்? அடப்பாவி!

திங்கட்கிழமை வேலையில் பக்கத்து மேசை மலாய் அக்கா காக் ரோஸிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அலமாக்!" என்று வியந்து அவர் தன் பலகையை மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "பண்டாய்லா நீ" என்று கெட்டிக்காரப் பட்டம் கொடுத்து என் முதுகில் தட்டினார். அன்று முழுவதும் நான் மேசையில் இருந்தேனா, ஆகாயத்தில் இருந்தேனா என்று எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை யாழினியை நான் எழுப்பவே இல்லை.

எனக்குப் பதினைந்து வயதில் தொழில்நுட்பப் பள்ளிக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. அப்பா கையெழுத்துப் போடவில்லை. பொம்பளப் புள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு என்று கேட்டுவிட்டார். இதைச் சொல்லி உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறேனா? கொஞ்சம் அப்படித்தான்... மன்னித்துவிடுங்கள், அந்தப் பாரத்துக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை.

வகுப்பில் பேச வேண்டிய முறை வந்தால் நான் எழுதி அனுப்புவேன்: 'தொண்டை கட்டிவிட்டது சார்.' எட்டு வாரம் தொண்டை கட்டியிருந்த பிள்ளையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? தினேஷ் சார் பாவம், நம்பினார். இஞ்சித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒருமுறை, "ஒரு வார்த்தையாச்சும் பேசுங்க யாழினி" என்று கெஞ்சினார். நான் ஓடிப்போய் மகளை இழுத்துவந்தேன். அவள் தலைவிரிகோலமாக, "சரிங்க சார்" என்று கரகரத்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்பினாள். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக்கொடுக்க வேண்டியிருந்தது. மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடும்போது புரையேறும்வரை சிரித்தோம்.

கம்பியைச் சீவினேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன். 'யாழினியின் வேலை மிகச் சுத்தம்!' என்று சார் எல்லோருக்கும் என் படத்தைக் காட்டினார். பாராட்டு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் வாரம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினேஷ் சார் ஒரு செய்தி போட்டார். 'தொடர விருப்பம் இல்லாதவர்கள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். சிகாமட்டில் ஒரு மாணவி இடத்துக்காகக் காத்திருக்கிறார். இந்த வாரம் சேர்ந்தால்கூட அவர் பிடித்துக்கொள்வார்.'

படித்தேன். இரண்டு முறை படித்தேன். அந்த இடம் யாருடையது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. மகளுக்கு விருப்பமில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். விரல் எழுத்துகளின்மேல் நின்றது... நான்காம் வாரம் தண்ணீர் ஏறினால் ஒலிக்கும் கருவியைச் செய்யப்போகிறோம் என்று சார் சொல்லியிருந்தாரே!

மற்ற பிள்ளைகள் அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

கடைசி நாள் ஜோகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. நேரில் போயே ஆக வேண்டும்! ஒரு வாரம் யாழினியை உட்காரவைத்து உருப்போட வைத்தேன். எந்தக் கம்பி எங்கே போகிறது, தண்ணீர் தொட்டதும் எப்படி ஒலிக்கிறது என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். மண்டபத்திலும் அழகாகத்தான் ஒப்பித்தாள். அப்போது பார்வையிட வந்த ஒரு பெரியவர் குனிந்து கேட்டார்.

"இந்த ரெசிஸ்டர் இல்லாம நேரா இணைச்சா என்னம்மா ஆகும்?"

யாழினி விழித்தாள். பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"லைட்டு கருகிடும் சார்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தினேஷ் சார் கைதட்டிச் சிரித்தார். "பாருங்க, வீட்டுல அம்மாவுக்கே சொல்லிக் குடுத்திருக்காங்க யாழினி! இதுதான் உண்மையான படிப்பு!"

சிறந்த மாணவி என்ற சான்றிதழ் யாழினிக்குக் கிடைத்தது. அவள் அதை வாங்கிவந்து மடித்துப் பிடித்தபடி என் காதில், "கங்கிராட்ஸ் ம்மா" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதன்பிறகுதான் அந்தப் பெண் எங்கள் மேசைக்கு வந்தாள். பள்ளிச் சீருடை, கையில் ஒரு நோட்டுப்புத்தகம். பக்கத்தில் அவளுடைய அப்பா. ஒவ்வொரு மேசையாக நின்று இணைப்புகளை வரைந்துகொண்டே வந்திருக்கிறாள்.

"ஆன்டி, இத கொஞ்சம் திருப்பிக் காட்டுறீங்களா? அடியில எப்படி ஒட்டியிருக்குன்னு பாக்கணும்."

"நீ எந்த ஊரும்மா?"

"சிகாமட். பேரு ஹேமா. வெயிட்டிங் லிஸ்ட்ல நான்தான் மொத ஆள். யாராச்சும் விட்டா எனக்குன்னு சொன்னாங்க... யாருமே விடல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்ப எவ்வளவு நல்ல கிளாஸா இருக்கணும்! அதான் அப்பாவ இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"அடுத்த வருசம் சேரலாமேம்மா..."

"அடுத்த வருசம் நான் ஃபார்ம் ஃபைவ் ஆன்டி. எடுக்க மாட்டாங்க."

அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். நான் கருவியைக் கழற்றினேன். பெட்டி, ஈயம், மிஞ்சிய கம்பி, எல்லாவற்றையும் பொறுக்கி அவள் கையில் திணித்தேன். அவள் குதித்தாள்! அந்த அப்பா இரண்டு கையையும் கூப்பி, "பெரிய மனசும்மா ஒங்களுக்கு" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது... "பரவால்லங்க" என்றுதான் சொன்னேன்.

திரும்பும் வழியில் காரில் யாழினி சான்றிதழைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாம்மா" என்றாள்.

"நீ ஏண்டி சொல்லல?"

"பேருதான் என்னோடது. கிளாஸ் ஒங்களோடது."



ஹேமா என் எண்ணை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். இரண்டு வாரத்தில் ஒரு காணொளி வந்தது. வீட்டுக் கொல்லையில் ஒரு வாளி. அதில் என் கருவி. ஆனால் அது என் கருவி இல்லை! கம்பிகளை மூன்று உயரங்களில் கட்டியிருந்தாள். தண்ணீர் முதல் கம்பியைத் தொட்டால் பச்சை விளக்கு, இரண்டாவதைத் தொட்டால் மஞ்சள், மூன்றாவதில்தான் ஒலி.

"எங்க வீட்டுக்குப் பின்னாலதான் ஆன்டி ஆறு. கருவி கத்தும்போது எழுந்தா தண்ணி வாசலுக்கு வந்திருக்கும். எவ்வளவு வேகமா ஏறுதுன்னு முன்னாடியே தெரியணும்ல?" என்று அவள் குரல் கேட்டது.

நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பில் இருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான், சிறந்த மாணவிக்கு! காக் ரோஸுக்குக் காட்டினேன். யாழினிக்குக் காட்டினேன். என் பிள்ளை செய்ததுபோல ஊருக்கெல்லாம் காட்டிப் பூரித்தேன். பூரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. யாரும் சொல்லித்தராமலே இவ்வளவு செய்கிறவள், அந்த வகுப்பிலும் உட்கார்ந்திருந்தால்?

அந்தக் கேள்வி இன்றும் போகவில்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் பலகை வரும்போதெல்லாம் வருகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமை மறுபடி வந்தால், அந்தச் செய்தி மறுபடி வந்தால், நான் இடத்தை விட்டுக்கொடுப்பேனா? கொடுப்பேன் என்று எழுதத்தான் ஆசை. எனக்குத் தெரியவில்லை... உண்மையாகவே தெரியவில்லை!

போன வாரம் ஹேமா எழுதியிருந்தாள். ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். ஒரு தொழில்நுட்பக் கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. ஏதாவது தொழில்நுட்ப வகுப்பில் படித்த சான்றிதழ் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

'என்கிட்ட சர்டிபிகேட் இல்ல ஆன்டி. பரவால்ல, அந்தக் கருவியையே தூக்கிட்டுப் போறேன். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, கிளாஸ்ல இடம் கெடைக்கல, ஒரு ஆன்டி தன் பொண்ணோட பெட்டியவே குடுத்துட்டாங்கன்னு சொல்லப் போறேன். ஒங்களாலதான் எல்லாமே!'

அலமாரியைத் திறந்தேன். யாழினி பெயர் போட்ட அந்தச் சான்றிதழ் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. 'அந்த இடம் உன்னுடையதுதான் ஹேமா' என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன்.

கடைசியில் ஒரு கட்டைவிரலைப் போட்டேன்.

உடனே அவள் பத்து இதயம் அனுப்பினாள்.