மூன்றாம் ஷெட்டுக்குத் தண்ணீர்

மோசஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் பத்தொன்பது வருஷம் ஒரு முள்ளைப் பார்த்தபடியே போயிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெத்தை செய்யும் கம்பெனி ஒன்றின் பம்ப் ஹவுஸில், சுவரில் இருக்கும் பிரஷர் கேஜின் முள் அது. ஏழில் நிற்க வேண்டும். ஆறுக்கு இறங்கினால் சின்ன பம்ப் தானாக ஓடி ஏற்றிவிடும். இன்னும் இறங்கினால் பெரிய பம்ப் அலறிக்கொண்டு கிளம்பும். கரண்ட் போனால் டீசல் பம்ப். இவை எல்லாமே, தீப்பிடித்தால் அணைப்பதற்கு. இத்தனை வருஷத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி தீ ஒன்றும் பிடித்ததில்லை. வராத ஒன்றுக்காகக் காத்திருப்பது மோசஸின் வேலை. இதில் என்ன அலுப்பு என்று கேட்பவர்கள் அந்த இரும்பு நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அவர் முதலில் அங்கே வந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்ட. தொட்டி கட்டி முடிந்ததும் மற்றவர்கள் கூலி வாங்கிக்கொண்டு போக, மோசஸ் மட்டும் தொட்டியோடு தங்கிவிட்டார். காண்ட்ராக்டர்கள் நான்கு பேர் மாறினார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையின் கயிறு நீலம், பச்சை, ஆரஞ்சு, மறுபடி நீலம் என்று மாறியது. மோசஸ் இன்னமும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட் ஆரம்பித்ததும் செக்லிஸ்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போவார். பதினொரு ஷெட், பதினொரு வால்வு. ஒவ்வொரு வால்வின் உள்ளேயும் ஒரு ரப்பர் தகடு. சன்னக் குழாய் வழியாக வரும் தண்ணீர் அதை மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் வரை வால்வு மூடியிருக்கும். ஷெட்டின் கூரையில் அந்தச் சன்னக் குழாய் ஓடுகிறது, அதில் வரிசையாகக் கண்ணாடிக் குமிழ்கள். தீயின் சூட்டில் ஒரு குமிழ் உடைந்தால் போதும். அழுத்தம் போய், வால்வு தானாகத் திறந்து, கூரை முழுக்கத் தண்ணீர் கொட்டும். யாரும் ஓடிவந்து எதையும் திருக வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது?

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், மூன்றாம் ஷெட்டின் வால்வு தீயே இல்லாமல் திறந்துகொண்டது. லாரிக்குக் காத்திருந்த மெத்தைகள் எல்லாம் தண்ணீர் குடித்தன. பத்தே நாளில் மறுபடியும் கொட்டியது. மூன்றாம் தடவை மெயின்டனன்ஸ் மேனேஜர் சரவணகுமாரே நனைந்துவிட்டார். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, வால்வுக்கு அடியில் உள்ள கைச்சக்கரத்தைத் திருகி மூடச் சொன்னார். அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னார்.

"சர்வீஸ் இன்ஜினியர் வர்ற வரைக்கும்" என்றார்.

இன்ஜினியர் இந்த நிமிஷம் வரை வரவில்லை. அடியில் மூடிவிட்டால் மேலே குமிழ் உடைந்தால் என்ன, கூரையே இடிந்தால் என்ன, ஒரு சொட்டு வராது. மோசஸுக்கு இது தெரியும். அதனால்தான் மறுநாள் செக்லிஸ்டில் 'திறந்துள்ளது' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். சரவணகுமார் கூப்பிட்டனுப்பினார்.

"ஆடிட்ல கேள்வி வரும் மோசஸ். டிக் போட்டுடுங்க."

போட்டார். மறுநாளும் போட்டார். ஒரு வாரத்தில் அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை போட்டுவிட்டுப் போனது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்புறம் கம்பெனியில் தையல் பிரிவை மூடினார்கள். அங்கே வேலை செய்த மோசஸின் மனைவி ஜெபாவை மூன்றாம் ஷெட்டில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாற்பது பெண்கள் வேலை செய்யும் இடம். இரண்டு கதவு உண்டு, ஒன்றை மறைத்துக் கூரை வரை மெத்தை அடுக்கியிருக்கும். மெத்தை என்றால் நமக்குத் தூக்கம்தான் நினைவுக்கு வரும். மோசஸுக்கு அந்த ஃபோம் தீயில் உருகி எரிந்தால் வரும் கறுப்புப் புகை தெரியும். பயிற்சியில் காட்டியிருக்கிறார்கள்.

ஜெபா அங்கே மாறிய மறுநாள் காலை முதல் வேலையாகப் போய்ப் பூட்டைத் திறந்தார். சாவி பம்ப் ஹவுஸிலேயே ஆணியில் தொங்கியது. சக்கரத்தை இருபத்திரண்டு சுற்றுச் சுற்றி முழுக்கத் திறந்தார். சங்கிலியைப் பார்வைக்குப் பூட்டியது போலச் சும்மா மாட்டிவைத்தார். அன்று முழுக்க அவர் மனது அங்கேயே இருந்தது. தீயில்லாமல் மறுபடி கொட்டிவிட்டால்?

நான்காம் நாள்தான் கண்டுபிடித்தார். சன்னக் குழாயில் கட்டைவிரல் அளவில் ஒரு சல்லடை இருக்கிறது. போர்வெல் தண்ணீரின் துருவும் மணலும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. அடைத்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் வால்வு தீ என்று நினைத்துத் திறந்துகொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் இத்தனை சங்கிலியும் பூட்டும். தினமும் காலையில் கழற்றிக் கழுவிப் போட்டார். அதற்கப்புறம் அந்த வால்வு ஒருநாளும் தொந்தரவு தரவில்லை.

"அந்தச் சல்லடையக் கழட்டிப் பாக்கலாமா சார்?" என்று சரவணகுமாரிடம் ஒரு தடவை நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"அதுல கை வெச்சா வாரன்ட்டி போயிடும். உங்க வேலைய மட்டும் பாருங்க."

மோசஸ் தன் வேலையைப் பார்த்தார். ஆறு மணிக்குத் திறப்பார். ஒன்றரைக்குப் போய் அதே இருபத்திரண்டு சுற்றை எதிர்ப்பக்கம் சுற்றி மூடிப் பூட்டுவார். இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆளான லோகுவிடம் பம்ப் ஹவுஸை ஒப்படைத்துவிட்டு, ஜெபாவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். திறந்தே விட்டுப் போகலாம்தான். லோகுவின் ஷிப்டில் ஒருவேளை கொட்டிவிட்டால், சங்கிலியைக் கழற்றியது யார் என்று கேட்பார்கள். காண்ட்ராக்ட் ஆளை விசாரிக்க அதிக நேரம் பிடிக்காது, அன்றைக்கே அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஐம்பத்து மூன்று வயதில் வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்?

இரண்டு மணிக்கு மேல் அந்த ஷெட்டில் வேலை செய்யும் நாற்பது பெண்களைப் பற்றி அவர் நினைக்கவில்லையா? நினைத்தார். நினைத்துவிட்டு பஸ் ஏறினார். எட்டு மாசம் இப்படியே போனது.

போன தை மாசம் ஒருநாள் லோகு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கையில் மைசூர்பாகுப் பொட்டலம். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது முட்டி மடங்காது, காலை இழுத்துத்தான் நடப்பார். அன்றைக்கு அந்தக் காலும் துள்ளியது.

"எடுத்துக்கோ மோசஸு. என் பொண்ணு நந்தினிக்கு வேல ஆயிடுச்சி."

"எங்க?"

"இங்கதான். மூணாவது ஷெட்டு. என் ஷிப்டுதான், வண்டிலயே என்கூட வந்துடுவா. இப்பதான் கேட்டாண்ட உட்டுட்டு வரேன்."

மோசஸ் மைசூர்பாகை வாயருகே கொண்டுபோன கையை இறக்கிவிட்டார். சற்று முன்புதான் மூன்றாம் ஷெட்டை மூடிவிட்டு வந்து கை கழுவியிருந்தார்.

"அங்க வாணாம் லோகு. வேற எங்கனா கேளு."

"இன்னாத்துக்கு?"

"அந்த வால்வு மூடிகினு கீது."

"எப்பலருந்து?"

"ரெண்டு வருசமா."

லோகு சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். மோசஸின் முகத்தைப் பார்த்த பிறகு செக்லிஸ்டை எடுத்துப் புரட்டினார். "இதுல டிக்கு கீதே?"

"நான்தான் போட்டேன். நீயுந்தான போட்ட. போய்ப் பாத்ததே இல்லியா?"

"இந்தக் கால வெச்சிகினு அம்மாந்தூரம் எங்க நடக்கறது? உன்னுதப் பாத்துதான் போடுவேன்." லோகு பக்கங்களை மறுபடி புரட்டினார். "எந்த ஷெட்டு வேணும்னு மேஸ்திரி கேட்டான். மத்த ஷெட்டுக்குலாம் அப்பப்ப லீக்கு, ரிப்பேருன்னு நீ எழுதிகினே கீற. அன்னிக்குக் கொட்டினதுக்கப்பறம் மூணுலதான் ரெண்டு வருசமா ஒரு கொறையும் இல்ல. நான்தான்யா மூணுன்னு சொன்னேன்."

மோசஸ் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஓடினார் என்றே சொல்லலாம். பின்னால் லோகு காலை இழுத்துக்கொண்டு வந்தார். சக்கரத்தைச் சுற்றும்போது மோசஸ் எதையும் மறைக்கவில்லை. நிறுத்தினால் அப்புறம் சொல்ல முடியாது என்று பயந்தவர் போல எல்லாவற்றையும் கொட்டினார்.

"எட்டு மாசமா காலைல, ஏ ஷிப்ட்ல தொறந்துதான் வெப்பேன். போவ சொல்ல மூடிடுவேன்."

"ஏ ஷிப்ட்ல மட்டும் எதுக்கு?"

கேட்டது லோகு இல்லை. வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்த ஜெபா அங்கே நின்றிருந்தாள்.

"நீ இருக்கறதாலதான்" என்றார் மோசஸ். அந்த நிலைமையிலும், அதைக் கேட்டு அவள் முகம் கொஞ்சம் இளகும் என்று எதிர்பார்த்தார். மனுஷனுக்கு இருக்கும் ஆசையைப் பாருங்கள்.

"பிரின்சி அப்பா" என்றாள் ஜெபா. மகள் பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள். "நான் எழுந்திரிச்ச ஸ்டூல்ல சூடுகூட ஆறல. அதுல இப்ப லோகு பொண்ணு குந்தினு கீது. அவளுக்கு தண்ணி வாணாமா?"

இருபத்திரண்டாவது சுற்று முடிந்திருந்தது. மோசஸ் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பம்ப் ஹவுஸுக்குத் திரும்பி, லாக் புக்கில் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிக்கொண்டார்.

போகவில்லை. சரவணகுமார் ஐந்து நிமிஷம் கத்தினார். அப்புறம் சல்லடையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் புது செக்லிஸ்ட் அச்சாகி வந்தது. அதில் 'சல்லடை சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு கட்டம் கூடியிருந்தது. அந்த யோசனைக்காக ஆடிட்டில் சாருக்குப் பாராட்டு கிடைத்ததாம். இந்த ஐந்து நிமிஷத்துக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தபோது மோசஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியாத அசதிதான் வந்தது.

அந்த வாரமே ஜெபா இரண்டு மணிக்குத் தொடங்கும் பி ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இனிமே மூட மாட்டேன்னு சொல்றேன் இல்ல?" என்றார் மோசஸ்.

"சொல்ற" என்றாள்.

இப்போது இருவரும் பார்த்துக்கொள்வது மதியம், கம்பெனி வாசலில், ஒரு நிமிஷம். அவர் வெளியே வரும்போது அவள் உள்ளே போவாள்.

"தொறந்து கீதா?"

"கீது."

அவர் பொய் சொல்வதில்லை. ஜெபா தலையாட்டிவிட்டுப் போகிறாள். ஆனால் நேராக ஷெட்டுக்குள் போவதில்லை. சுற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்த பின்பக்கம் போய், வால்வின் முன் குனிந்து, சக்கரத்தைத் தன் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து மோசஸுக்கு அது நன்றாகத் தெரிகிறது.