சிவப்பு தெரியாத பிலிம்

என் கணவர் செர்மெய் வெண்டெலுக்கு வாய் கொஞ்சம், கை ரொம்ப. என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, இந்த ஆள் ஊமையா என்று என் அப்பா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஊமை இல்லை, எண்ணிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். கேமராவின் கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று, கூடாமல் குறையாமல் சுற்ற வேண்டும். அதற்காக ஒரு பட்டாளப் பாட்டை மூக்குக்குள்ளேயே முனகுவார். சாப்பிடும்போதும் முனகுவார், சர்ச்சிலும் முனகுவார். அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செகெட் ஊரில் கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் மகன். பத்தொன்பது வயதில், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறவர்களோடு புடாபெஸ்டுக்கு வந்தார். ஆறு வருஷத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றார். எங்கள் ஸ்டூடியோவுக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி. சூரியன் வந்தால்தான் வேலை. மேகம் விலகும்வரை பெரிய பெரிய நடிகைகளை நிற்க வைத்துவிட்டு, இவர் பாட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அதே ஸ்டூடியோவில் பிலிம் கழுவி, வெட்டி, ஒட்டுகிறவள். எங்கள் காதல் சிவப்பு விளக்கடியில் வளர்ந்தது என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த விளக்கு சிவப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. எவ்வளவு சிவப்பு வெளிச்சம் பட்டாலும் அது இருட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் சிவப்பு முடிக்காரி திரையில் கரிக்கூந்தல்காரி ஆகிவிடுவாள். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தால் கரியைத் தின்றவள் மாதிரி இருப்பாள். தொழிலில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

என் தங்கை டெர்கா புகையிலை ஆலையில் வேலை பார்த்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், நாக்கு எட்டு மடங்கு பெரியது. வெண்டெல் வாயைத் திறந்து சிரித்தது என்றால் அது அவள் பேச்சுக்குத்தான்.

1919 மே ஒன்றாம் தேதி நகரமே சிவப்பு. அப்போது இருந்தது கம்யூனிஸ்டுகளின் சிவப்பு அரசாங்கம். எங்கள் ஸ்டூடியோவும் அவர்கள் கையில். ஊர்வலத்தைப் படம் பிடி என்றார்கள், இவர் போனார். யார் சொன்னாலும் போவார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதா என்பதுதான் இவருடைய கட்சி. பெரிய சாலைகளுக்கு வேறு ஆட்கள் போய்விட, இவருக்குக் கிடைத்தது புகையிலை ஆலைத் தெரு. முன்வரிசையில் கொடி பிடித்து டெர்கா வந்தாள். அங்கேதான் இவர் தப்புச் செய்தார். தெரிந்த முகத்தைக் கண்டதும் அதை விட மனமில்லாமல், கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடி ஓடி, நான்கு இடத்தில் வைத்து அவளையே பிடித்தார். நூற்றைம்பது மீட்டர் பிலிம், எட்டு நிமிடம். அதில் ஆறு நிமிடம் என் தங்கையும் அவள் வரிசையும்தான். கழுவிப் பார்த்தபோது, ஊர்வலத்தை எடுக்கச் சொன்னார்களா, மச்சினியை எடுக்கச் சொன்னார்களா என்று நானே கேட்டேன்.

ஆகஸ்டில் அந்த அரசாங்கம் விழுந்தது. நவம்பரில் அவர்களுக்கு எதிரான வெள்ளைப் படை குதிரைமேல் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு, மே மாதம் யார் எங்கே நின்றார்கள் என்பதே ஊரில் ஒரே கேள்வி. கூட்டிக்கொண்டு போன சிலர் திரும்பி வரவேயில்லை. டெர்காவை டிசம்பர் முதல் வாரம் பிடித்தார்கள். ஆலைக் கமிட்டியில் இருந்தவள், கொடி பிடித்தவள் என்று மேஸ்திரி ஒருவன் சொல்லியிருந்தான். மே ஒன்றாம் தேதி தான் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததாக டெர்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒருவன் சொல்லுக்கு ஒருத்தி சொல். அவள் சொல்லை உடைக்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் அலமாரியில், 214 என்று எண் போட்ட டப்பாவுக்குள் இருந்தது.

வியாழக்கிழமை வெள்ளைப் படைக் காப்டன் ஷோமொடி ஸ்டூடியோவுக்கு வந்தார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். பதிவேட்டில் டப்பா எண்ணும் மீட்டரும் மட்டும்தான் இருந்தன. என்ன படம் என்று எழுத வெண்டெலுக்கு எப்போதும் சோம்பல். காப்டன் எல்லா எண்ணையும் மீட்டரையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு மே ஒன்றாம் தேதி எடுத்தது எங்கே என்று கேட்டார். ஓடிப்போனவர்கள் கையோடு கொண்டுபோய்விட்டார்கள் என்றார் வெண்டெல். அப்படியானால் நூற்றைம்பது மீட்டர் இருக்கிற இந்த 214 என்ன என்றார் காப்டன்.

"போடோலாவோட சவ ஊர்வலம், ஐயா."

வாழ்க்கை முழுக்க வாயைத் திறக்காத மனிதர், திறந்ததும் இப்படி ஒரு பொய். சரி, சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன், போட்டுக் காட்டு என்றார் காப்டன்.

அவர் போனதும் நான் பிடிபிடி என்று பிடித்தேன். இவர் என்னை அடங்கவிட்டு, இரண்டே வார்த்தை சொன்னார்: "கொடி கறுப்பு."

போடோலா எங்கள் நகரத்துக் கிழட்டு நகைச்சுவை நடிகர். புகையிலை ஆலைத் தெருவிலேயே பிறந்தவர். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி அவர் சவத்தை அதே தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள், ஆலைப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். வெண்டெல் எடுத்த அந்தப் படத்தில் முப்பது மீட்டர் மட்டும் மிச்சம் இருந்தது: பிணவண்டி, இரண்டு குதிரைகள், மாலைகள். மே ஊர்வலத்துக்கும் அதற்கும் மூன்று நாள்தான் இடைவெளி. மரத்தில் இலைகூட ஒரே அளவு. மே ஊர்வலத்தில் கோஷம் எழுதிய பலகைகள் வந்த முப்பது மீட்டரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடங்களில் பிணவண்டியை வைத்து ஒட்டினேன். மீட்டர் கணக்கு சரியாக வந்தது. வெட்டியதை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி அடுப்பில் போட்டேன். மிச்சத்தைத் தொட வழியில்லை, தொட்டால் மீட்டர் குறையும். அந்த மிச்சம் முழுக்க டெர்கா.

ஓட்டிப் பார்த்தோம். கொடிகள் எல்லாம் கன்னங்கரேல் என்று துக்கக் கொடிகளாக வந்தன. ஆனால் நடை? எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி, விறுவிறு என்று போனார்கள். எழவு வீட்டுக்குப் போகிறவர்கள் இப்படியா போவார்கள் என்று கேட்டேன். இவர் காற்றில் கையை மெதுவாகச் சுற்றிக் காட்டினார்.

எங்கள் புரொஜெக்டரும் கையால் சுற்றுவதுதான். மெதுவாகச் சுற்றினால் திரையில் நடக்கிறவர்களும் மெதுவாக நடப்பார்கள். ஆனால் விளக்குச் சூட்டுக்கு முன்னால் பிலிம் நின்று போகக்கூடாது. அந்தக் காலத்துப் பிலிமில் கற்பூரம் கலந்திருக்கும். சூடேறினால் முதலில் வாசனை வரும், அடுத்து தீ. ரொம்ப மெதுவாகப் போனால் படமும் துடிக்கும், பிலிமும் பற்றிக்கொள்ளும். இரண்டு சுற்றுக்குப் பதில் ஒன்றேகால் என்று இவர் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை முழுக்க வெறும் மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார். பழைய பாட்டு உதவாமல், ஒரு சர்ச் பாட்டைப் பிடித்து முனகினார்.

சனிக்கிழமை காப்டனோடு இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். கூடவே ஹர்ஷானியையும் கூட்டிவந்திருந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஹர்ஷானியும் கேமராக்காரர், வேறு ஸ்டூடியோ. ஒரு லென்ஸில் விழுந்த கீறலுக்காக இவரோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அவருக்குப் பின்னால் டெர்காவைக் கொண்டுவந்தார்கள். கன்னத்தில் அடிபட்ட இடம் கன்றிப் பச்சை நிறமாகியிருந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லி அனுப்ப எங்களால் முடியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், எட்டு நிமிடப் படத்தில் ஆறு நிமிடம் தான் இருக்கிறோம் என்பதுதான். அவளைத் திரைக்கு நேர் எதிரே உட்காரவைத்து, காப்டன் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையை அல்ல, அவள் முகத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

நான் ஈரக் கம்பளியும் மணல் வாளியுமாக மெஷின் பக்கத்தில் நின்றேன். அது எப்போதும் என் இடம், யாரும் சந்தேகப்படவில்லை.

பிணவண்டி வந்தது. குதிரைகள் தலையை ஆட்டி ஆட்டி நடந்தன. டெர்காவின் முதுகு இறுகுவதைப் பார்த்தேன். பிறகு கொடிகள், பெண்கள், அவள். தண்ணீருக்குள் நடப்பதுபோல ஒரு காலை எடுத்து, யோசித்து, அடுத்த காலை வைத்தார்கள். வெண்டெல் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கக் கை இல்லை. நான் துடைத்துவிட்டேன். கற்பூர வாசனை லேசாக எழுந்தது. இவர் மயிரிழை வேகம் கூட்டினார், வாசனை அடங்கியது, மறுபடி குறைத்தார்.

மூன்றாவது இடத்தில் டெர்கா கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தாள். தன் மாமா வெண்டெலைப் பார்த்த சிரிப்பு. மெதுவாக ஓட்டியபோது தோள்கள் ஏறி இறங்க, வாய் கோணி, அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. காப்டன் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் எரிந்துவிடும் ஐயா என்றார் வெண்டெல். அப்படியானால் சுற்றி எடுத்து இதே இடத்தை மறுபடி போடு என்றார்.

மறுபடி அதே ஒன்றேகால். கால் சுற்று கூடினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். நான் கம்பளியை இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பிடிக்காத எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். இரண்டாவது தடவையும் அதே நடை வந்தது, அதே முகம் வந்தது. காப்டன் அவளிடம் திரும்பினார்.

"செத்த வீட்டு ஊர்வலத்துல சிரிக்கிறியா நீ?"

டெர்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் புரிந்துகொண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாத அந்த நேரம், என் ஆயுளில் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது.

"செத்தது போடோலா ஐயா," என்றாள். "உசுரோட இருந்தவரைக்கும் எங்க தெருவையே சிரிக்க வச்ச மனுஷன். பக்கத்துல வந்தவ அவரு மாதிரியே தும்மிக் காட்டுனா. சிரிச்சேன். அப்புறம் அழுதேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு."

காப்டன் அவள் முகத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். அவரும் என்றைக்கோ போடோலாவைப் பார்த்துச் சிரித்திருப்பார் போலிருக்கிறது. பிறகு ஹர்ஷானியைக் கேட்டார், கொடி கறுப்புதானா என்று.

"திரையில கறுப்பாத்தான் இருக்கு."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு நான் அங்க இல்லையே, ஐயா."

காப்டன் டப்பாவை வாங்கி, மூடிமேல் போடோலா சவ ஊர்வலம் என்று தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி, அலமாரியில் வைக்கச் சொன்னார். டெர்காவைத் திரும்பக் கூட்டிப்போனார்கள். ஹர்ஷானி கடைசியாக வெளியே போனார். கதவருகே கையுறையை மாட்டிக்கொண்டே, வெண்டெலைப் பார்க்காமல், "வெந்நீர்ல கைய வை, நாளைக்கு வீங்கிக்கும்," என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அது.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு மத்தியானம் டெர்கா விடுதலையாகி வந்தாள். பீன்ஸ் சூப் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு நிறுத்தினாள்.

"மாமா, நான் தலை நிமிர்ந்து நடந்தது என் வாழ்க்கையில அந்த ஒரு நாள்தான். அதைப் போய் சாவு ஊர்வலமா ஆக்கிட்டீங்களே."

எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுத்து வீசியிருப்பேன். நன்றி கெட்டவளே, இந்த மனுஷன் விரல் இன்னும் மடங்கவில்லை என்று ஆரம்பித்தேன். வெண்டெல் அந்த வீங்கிய கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். நிதானமாக அவளைக் கேட்டார்.

"உன் இடது பக்கம், பூப்போட்ட முக்காடு. அது யாரு?"

அவர் அந்த வரிசையை எத்தனை தடவை பார்த்திருப்பார்! ஒவ்வொரு முக்காடும் தெரியும், ஒரு பெயரும் தெரியாது.

"யோலான். பக்கத்துல வந்தவ தும்மிக் காட்டுனான்னு சொன்னேனே, அவதான். நவம்பர்ல இழுத்துட்டுப் போனாங்க. டான்யூப்ல கெடச்சா."

"அவளுக்கு அந்தப் பக்கம், ஒசரமா ஒருத்தி."

"கிசெல்லா. ஜெயில்ல என் பக்கத்து அறை. போன வாரம் விடியக்காலைல கூப்பிட்டாங்க. திரும்பி வரல."

"வலது பக்கம்? கைக்குட்டைய ஆட்டிட்டு வந்தது?"

"சிடோனியா. எங்க வச்சிருக்காங்கன்னு அவ அம்மா இன்னும் தேடுறாங்க."

"நடுவுல?"

டெர்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடுவுல நான்தான், மாமா."

வெண்டெல் ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் அதைத் தொடாமல் அழ ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தடுக்கவில்லை.