வால் நறுக்கிய அமானுஷ்யம்

வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் இட்லி மாவு விற்கும் சௌந்தரத்துக்கு வங்காளி பாஷையை யாரும் சொல்லித் தரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கணவருக்கு மாற்றலாகி இங்கே வந்தபோது, தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தமிழில் புழங்கும் வடமொழிச் சொல்லை எடு, வாலை நறுக்கு, வாயைக் குவித்துச் சொல். ஜலம் 'ஜோல்' ஆயிற்று, கமலம் 'கோமோல்' ஆயிற்று. தெருவுக்கே அவள் பேச்சு புரிந்தது.

போன மாதம் அவளுடைய பெரிய கிரைண்டர் நின்றுபோனது. மூன்று மெக்கானிக்குகள் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். மாடி வீட்டு தபன் தா ('தாதா' என்றால் அண்ணன்; சுருக்கினால் 'தா'), ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மாவு வாங்க வந்தவர், கிரைண்டரில் காதை வைத்துக் கேட்டார். குடைப்பிடியால் ரெண்டு தட்டு தட்டினார். அது பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டது!

சௌந்தரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனுஷனால் ஆகிற காரியமா இது? அமானுஷ்யம்! சட்டென்று வாலை நறுக்கினாள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் பார்த்திருக்க, கைகூப்பி, 'நீங்கள் ஓர் அமானுஷ்யம்' என்ற பொருளில், "தபன் தா, ஆப்னி ஏக்டா ஓமானுஷ்!" என்றாள்.

தபன் தா மாவைக்கூட வாங்காமல் விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

சாயங்காலம் ஜாதவ்பூரில் படிக்கும் மகள் கீதாஞ்சலி விஷயத்தைக் கேட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"அம்மா, வங்காளியில அதுக்கு மனுஷத்தன்மையே இல்லாத அயோக்கியன்னு அர்த்தம்!"

"ஐயையோ! அத்தனை பேர் முன்னாடியா சொன்னேன்!"

மறுநாள் காலை சூடான தோசைகளோடு மாடி ஏறினாள். கதவைத் திறந்த தபன் தா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தாதா, எங்க தமிழ்ல அது திட்டு இல்ல. சாமி, பேய், மனுஷ சக்திக்கு மீறின எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவோம்."

"ஓ, நேத்து அயோக்கியன். இன்னிக்குப் பேயா?"

சௌந்தரம் தோசைகளை முன்னால் நீட்டினாள். ஆனால் தபன் தாவுக்கு வார்த்தைப் பித்து உண்டு. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, தடிமனான அகராதியை மடியில் போட்டுப் புரட்டினார்.

"'அ' என்றால் இல்லை. 'மானுஷ' என்றால் மனுஷனுக்கு உரியது. மனுஷனுக்கு உரியது அல்லாதது, அவ்வளவுதான். உங்க ஊர்க்காரங்க அதை மேலே ஏத்தியிருக்காங்க. நாங்க கீழே தள்ளிட்டோம்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா இவரோட குடித்தனம் நடத்தறேன். ரெண்டு அர்த்தமும் சரிதான்!"

தபன் தாவே சிரித்துவிட்டார். தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மனைவி ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து சௌந்தரம் கையில் கொடுத்தாள். நெய்யும் வெல்லமும் மணத்த அதை ஒரு வாய் உண்டதும் சௌந்தரம் உருகிப்போனாள். அண்ணியிடம் இந்த அற்புதத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அற்புதத்தின் வாலையும் நறுக்கினாள்.

"பௌதி, உங்க பாயசம் ஓத்புத்!"

அந்த அம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. "விசித்திரமா இருக்கா? ஏன், எதாவது கூடிப்போச்சா?"

தபன் தா கையைத் துடைத்துக்கொண்டு ஆவலோடு மறுபடியும் அகராதியைப் புரட்டினார்.