பிள்ளையார் பாட்டுக்கு முன்னால்

எக்கோ மிஷின் சூடானால் ஒரு வாசனை வரும். பாடுகிற குரலை எதிரொலிக்க வைக்கும் பழைய கச்சேரிப் பெட்டி அது. உள்ளே சுற்றுகிற டேப்பும் தூசியும் சேர்ந்து லேசாகக் கருகும். போன வாரம் என் மகள் கயல் அதைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, ப்ளக்கைச் சொருகினாள். உத்திரமேரூரில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனை.

ஒரகடத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சிநேகிதர்களோடு ராக் பேண்ட் ஆரம்பித்திருக்கிறாள். எங்கள் காலத்துச் சத்தம், அவர்களுடைய சொந்தப் பாட்டு. அதுதான் திட்டமாம்.

"இந்த சவுண்டத்தான் நைனா இப்ப எல்லாரும் தேடிக்கினு கீறாங்க."

"தேடுவாங்க. காசு குடுத்துக் கேப்பாங்களா?"

மிஷினை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள்.

நானும் ஒரு காலத்தில் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. பின்வரிசையில் நிற்கிறவனை யார் பார்த்தார்கள்? குழு தேவராஜுடையது. சர்ச்சில் கிட்டார் பழகியவன், நல்ல குரல். சினிமாப் பாட்டை ரெக்கார்டில் இருக்கிறபடியே பாடுவான்; ஊர்க்காரர்களுக்கு அதுதான் வேண்டும். அவனுக்கோ சொந்தப் பாட்டில் பேர் வாங்க ஆசை.

காவாந்தண்டலம் திருவிழாவில் தன் சொந்தப் பாட்டு ஒன்றையும் பாடினான். சினிமாப் பாட்டு ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பயந்து, பிள்ளையார் பாட்டுக்கும் முன்னாலேயே வைத்துவிட்டான். எங்கள் பக்கம் பிள்ளையார் பாட்டு பாடினால்தான் கச்சேரி ஆரம்பம். அதற்கு முன்னால் எது கேட்டாலும் மைக் டெஸ்டிங். ஜனங்கள் பாய் விரித்துக்கொண்டும் பொரி வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். தேவராஜ் கண்ணை மூடிப் பாடி முடித்தான். விழாக்குழுப் பெரியவர் மேடையேறி வந்து, அவன் தோளில் கை வைத்து, நிஜமான அன்போடு கேட்டார்:

"டெஸ்டிங் நல்லா கீதுப்பா. பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

அப்போது தேவராஜின் முகம் போன போக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிறகு அவன் சொந்தப் பாட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்த முகத்தைக் கயலிடம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று அவர்கள் பாட்டை நெட்டில் ஏற்றினார்கள். இன்று காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாராச்சும் எதுனா சொன்னாங்களாம்மா?"

"இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல நைனா."

பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் அப்படியே எங்கள் சத்தம். பாயும் பொரியும் இல்லை, மேடையேறி வந்து தோளில் கை வைக்க அந்தப் பெரியவரும் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட ஆள் வராத இடத்தில் என் பெண் பாடியிருக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மூலையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணும்மா, சூடாவுது."

"இரு நைனா," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாராச்சும் வருவாங்க."